ஒரே இசை, இரண்டு பதிவுகள்

நடத்துநர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர், மாத்தளை – கண்டி பஸ்ஸின் மிதிபலகையில் நின்றுகொண்டு "அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கண்டி" என்று கூவுபவர்தான். இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. மேலைத்தேய சங்கீதத்திலும் நடத்துநர் என்று ஒருவர் இருக்கிறார். எண்பது, நூறு கலைஞர்கள் வயலினும் புல்லாங்குழலும் எக்காளமும் முரசும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஓர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால், மெல்லிய கோலொன்றைப் பிடித்தபடி அவர் நிற்பார். அவர் எந்த வாத்தியத்தையும் வாசிப்பதில்லை. அந்த மேடையில் ஒலி எழுப்பாத ஒரே கலைஞர் அவர்தான். ஆனாலும் இசை எந்த வேகத்தில் செல்ல வேண்டும், எந்த வாத்தியம் முன்னால் கேட்க வேண்டும், எங்கே ஒரு கணம் மூச்சு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவரே.

இன்னொரு சொல்லையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். தமிழ்த் திரையுலகில் "ரீ-ரெக்கார்டிங்" என்றால் படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பது. இங்கே நான் சொல்லும் மீள்பதிவு அதுவன்று. ஒரு நடத்துநர் தாம் ஏற்கெனவே ஒலிப்பதிவு செய்து வெளியிட்ட ஓர் இசைப் படைப்பை, பல ஆண்டுகள் கழித்து, மறுபடியும் முதலிலிருந்து இறுதிவரை பதிவு செய்வதையே இங்கு மீள்பதிவு என்கிறேன்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான உலகமும் அன்று. கொழும்பில் இலங்கை சிம்பொனி ஓர்க்கெஸ்ட்ரா 1958 முதல் இயங்கி வருகிறது. 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது அந்தச் செய்தி நம் வீடுகளிலும் பேசப்பட்டது. இசை கேட்பது பற்றி நம்மிடையே வெவ்வேறு கருத்துகள் இருப்பதை நான் அறிவேன்; அந்த விவாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. முடித்துவிட்ட வேலையொன்றை ஒரு கலைஞர் ஏன் மீண்டும் கையிலெடுக்கிறார் என்ற கேள்வி, எழுதுகின்ற, வரைகின்ற, தைக்கின்ற, படிக்கின்ற எல்லோருக்கும் உரியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"மறுபடியும்" என்ற சொல்

"மறுபடியும்" என்ற சொல்லுக்கு நம்மிடம் நல்ல பெயர் இல்லை. கட்டுரைக் கொப்பியில் ஆசிரியை "மீண்டும் எழுதுக" என்று சிவப்பு மையால் எழுதினால் முகம் வாடிவிடுகிறது. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை தோற்றப் போகும் மாணவியிடம், கலியாண வீட்டில் எதிர்ப்படும் உறவினர்கள், "ஏன் மகள், முதல் தடவை சரிவரல்லையா?" என்று கேட்காமல் விடுவதில்லை. மறுபடியும் செய்வதென்றால் முதலில் செய்தது பிழை என்றுதான் நாம் விளங்கிக்கொள்கிறோம்.

ஆனால் இசை நடத்துநர்களின் உலகத்தைப் பாருங்கள். ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் வொன் கராயன் (1908–1989) பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் முழுத் தொகுதியாக நான்கு முறை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். முதற்றடவை 1950களில் லண்டனிலுள்ள ஃபில்ஹார்மோனியா வாத்தியக் குழுவோடு. அடுத்து 1960களின் தொடக்கத்திலும், 1970களிலும், 1980களிலும் பேர்லின் ஃபில்ஹார்மொனிக் குழுவோடு. இந்த நான்கில் எதுவும் பிழையென்று கைவிடப்படவில்லை. இன்றைக்கும் நான்கும் விற்பனையில் உள்ளன; நான்குக்கும் தனித்தனியே இரசிகர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் அவர் ஏன் திரும்பத் திரும்பச் செய்தார்? இதற்கு ஒரே விடை இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரதியில் இருப்பதும் இல்லாததும்

முதலில் ஒரு விடயம் விளங்க வேண்டும். பீத்தோவன் 1827 இல் இறந்துவிட்டார். அவர் விட்டுச் சென்றது ஒலி அன்று. தாளில் எழுதிய இசைப்பிரதி. எந்தச் சுரம், எந்த வாத்தியம், எவ்வளவு நீளம், எங்கே உரத்து, எங்கே மெதுவாக என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் "உரத்து" என்றால் எவ்வளவு உரத்து? "மெல்ல மெல்ல வேகத்தைக் குறை" என்றால் எந்த அளவுக்கு? நீட்டி நிறுத்த வேண்டிய சுரத்தை எத்தனை விநாடி நிறுத்துவது? இவற்றைத் தாள் சொல்லாது. தாள் சொல்லாமல் விட்டதை நிரப்புவதுதான் நடத்துநரின் தொழில்.

தமிழ் இலக்கிய நயம் படித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். எங்கள் தமிழ் ஆசிரியை ஒரே செய்யுளைத் தரம் ஒன்பதிலும் தரம் பதினொன்றிலும் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். சொற்கள் மாறவில்லை, அவர் குரலை நிறுத்திய இடம் மாறியிருந்தது. அந்த நிறுத்தத்தால், முதல் வாசிப்பில் வெறும் வருணனையாகக் கேட்ட வரி, இரண்டாவது வாசிப்பில் ஒரு முறைப்பாடாகக் கேட்டது. இரண்டும் அச்செய்யுளுக்குள் இருந்த பொருள்களே.

கருவி மாறும்போது

மீள்பதிவுக்கு முதற் காரணம் மிகச் சாதாரணமானது. பதிவு செய்யும் கருவி மாறிக்கொண்டே வந்தது.

1913 இல் ஆர்தர் நிக்கிஷ் என்ற நடத்துநர் பேர்லின் ஃபில்ஹார்மொனிக் குழுவோடு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பதிவு செய்தார். ஒரு சிம்பொனி முழுமையாகப் பதிவான மிகப் பழைய முயற்சிகளில் அதுவும் ஒன்று. அக்காலத்தில் மைக்ரோபோன் கிடையாது. பெரியதொரு கூம்புக் குழாய்க்கு முன்னால் கலைஞர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசிக்க, அந்த ஒலியின் அதிர்வு ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறியது. மென்மையான ஒலி பதிவாகவில்லை. ஆழ்ந்த ஒலியும் சரியாகப் பதிவாகவில்லை. 1925 இல் மின்சாரப் பதிவு வந்தது. அப்போதும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகவே பிடித்தது. அரை மணித்தியாலச் சிம்பொனியைக் கேட்கத் தட்டை ஏழெட்டுத் தடவை புரட்ட வேண்டும். 1948 இல் நீண்டநேர இசைத்தட்டு வந்தபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் கேட்க முடிந்தது. 1958 அளவில் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது. வயலின் இடப்பக்கமும் செல்லோ வலப்பக்கமும் தனித்தனியே கேட்டன. 1982 இல் இறுவட்டு வந்தது. ஊசி உரசும் இரைச்சல் ஒழிந்தது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய பதிவுகள் மங்கலாகத் தோன்றின. கறுப்பு வெள்ளையில் எடுத்த கலியாணப் படத்தை வர்ணத்தில் எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் யார்தான் விடுவார்? கராயனின் மீள்பதிவுகளுக்குப் பின்னால் இந்தக் கருவி மோகம் பெரிதும் இருந்தது. புதிய தொழில்நுட்பம் எது வந்தாலும் முதலில் கையிலெடுப்பவர் என்று அவர் பெயர் பெற்றிருந்தார்.

பணமும் உரிமையும்

கருவி மாறினால் கடைக்காரருக்கும் ஆதாயம்தான். ஸ்டீரியோ வந்தபோது, வீட்டில் ஏற்கெனவே பீத்தோவன் இசைத்தட்டு வைத்திருப்பவரிடமே மறுபடியும் பீத்தோவனை விற்க முடிந்தது. மீள்பதிவுகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த வியாபாரக் கணக்கு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

உரிமை பற்றிய கேள்வியும் உண்டு. பீத்தோவனின் இசை எல்லோருக்கும் பொது. ஆனால் அதன் ஒலிப்பதிவு, அதைத் தயாரித்த கம்பனிக்குச் சொந்தம். நடத்துநர் வேறு கம்பனிக்கு மாறினால் பழைய பதிவுகளைக் கூடவே கொண்டுபோக முடியாது. புதிய கம்பனியோ தன் பெயரிலும் அதே சிம்பொனிகள் வேண்டும் என்று கேட்கும். இந்த விடயத்தை நம் தலைமுறை இன்னொரு வழியில் அறிந்திருக்கிறது. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு அல்பங்களின் மூலப்பதிவுகள் 2019 இல் அவர் கையை மீறி விற்கப்பட்டன. 2021 முதல் 2023 வரை அவற்றில் நான்கை அவர் மறுபடியும் தாமே பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். 2025 இல் பழைய மூலப்பதிவுகளையும் விலைக்கு வாங்கிக்கொண்டார். அவருடைய மீள்பதிவில் நோக்கம், இயன்றவரை பழையதைப் போலவே ஒலிக்கச் செய்வது. பழையதன் இடத்தைப் புதியது பிடிக்க வேண்டும் என்பது. நடத்துநர்களின் மீள்பதிவு பெரும்பாலும் இதற்கு எதிர்மாறானது. பழையது போலவே இருந்தால் செய்த வேலைக்கு அர்த்தமே இல்லை.

தாள் மாறும்போது

கேட்டால் வியப்பாக இருக்கும். இருநூறு ஆண்டுப் பழைய இசையின் தாளும் மாறலாம். பீத்தோவனின் கையெழுத்துப் பிரதிகளையும், பிரதி எடுத்தவர்கள் விட்ட பிழைகளையும், முதலில் அச்சான தாள்களையும் ஒப்பிட்டு, ஜொனதன் டெல் மார் என்ற ஆய்வாளர் ஒன்பது சிம்பொனிகளுக்கும் திருத்திய பதிப்பொன்றைத் தயாரித்தார். அது 1990களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் பேரன்ரைட்டர் பதிப்பகத்தால் வெளியாயிற்று. உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாட பேதங்களைக் குறித்துப் பதிப்பித்த வேலையை ஒத்தது இது.

தாள் திருந்தியதும் மூத்த நடத்துநர்கள் சிலர் மறுபடியும் மாணவர்களானார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்னாட் ஹைட்டிங்க் (1929–2021) தம் நாட்டுக் குழுவோடு இவற்றை ஏற்கெனவே பதிவு செய்திருந்தவர். எழுபத்தைந்து வயதைக் கடந்த பின், 2005–2006 இல், லண்டன் சிம்பொனி ஓர்க்கெஸ்ட்ராவோடு புதிய பதிப்பை வைத்து மறுபடியும் பதிவு செய்தார். அந்த வயதிலும் தாம் மனப்பாடமாக அறிந்த இசையைப் புதிய தாளைப் பார்த்துப் படித்த அவரை நினைக்கையில் எனக்கு மரியாதை பெருகுகிறது.

ஆயுள் மாறும்போது

இனி மிக முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். கருவியும் தாளும் மாறாவிட்டாலும் மனிதர் மாறுகிறார்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் உதாரணம் ஒரு நடத்துநருடையதன்று, ஒரு பியானோ கலைஞருடையது. கனடாவைச் சேர்ந்த கிளென் கூல்ட் 1955 இல், இருபத்திரண்டு வயதில், பாக் இயற்றிய "கோல்ட்பேர்க் வேரியேஷன்ஸ்" என்ற படைப்பை நியூயோர்க்கில் பதிவு செய்தார். மின்னல் வேக வாசிப்பு. மொத்தம் ஏறக்குறைய 38 நிமிடங்கள். அந்த ஒரு பதிவால் உலகப் புகழ் பெற்றார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1981 இல், அதே கலையகத்துக்குத் திரும்பி வந்து அதே படைப்பைப் பதிவு செய்தார். இம்முறை ஏறக்குறைய 51 நிமிடங்கள். சில பகுதிகளை இம்முறை திருப்பி வாசித்திருப்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் தொடக்கத்தில் வரும் மெல்லிய பகுதியை இரண்டு தடவையும் திருப்பாமல்தான் வாசித்தார். முன்பு இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்த அது, இப்போது மூன்று நிமிடங்களை எடுத்துக்கொண்டது. தம் பழைய பதிவில் வாசிக்கும் மனிதரைத் தம்மால் அடையாளம் காண முடியவில்லை என்ற கருத்துப்பட அவர் பேசியிருக்கிறார். புதிய பதிவு வெளியாகிச் சில நாட்களில், 1982 ஒக்டோபரில், ஐம்பதாவது வயதில் காலமானார்.

நடத்துநர்களிலும் இதைக் காணலாம். அமெரிக்கரான லெனாட் பேர்ன்ஸ்டைன் சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியை நியூயோர்க் ஃபில்ஹார்மொனிக் குழுவோடு 1964 இலும் 1986 இலும் பதிவு செய்தார். அச்சிம்பொனியின் கடைசிப் பகுதி துயரம் நிறைந்தது. வழக்கமாகப் பத்து நிமிடங்களையொட்டி முடியும். 1986 இன் பதிவில் அது ஏறக்குறைய பதினேழு நிமிடங்கள் நீள்கிறது. இது எல்லை மீறியது என்றார்கள் சிலர். இதைவிட உண்மையாக அந்தத் துயரத்தைச் சொல்ல முடியாது என்றார்கள் வேறு சிலர். அறுபது வயதைக் கடந்த மனிதரால் அதை அவசரமாகக் கடந்து போக முடியவில்லை என்றே எனக்குப் படுகிறது.

இத்தாலியரான குளோடியோ அபாடோவின் (1933–2014) கதை வேறு விதம். 1980களில் வியன்னா குழுவோடு பீத்தோவனின் சிம்பொனிகளைப் பதிவு செய்தவர், 1999–2000 இல் பேர்லின் குழுவோடு மறுபடியும் பதிவு செய்தார். அந்த 2000 ஆம் ஆண்டிலேயே வயிற்றுப் புற்றுநோய்க்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மெலிந்து வற்றிய உடம்போடு 2001 பெப்ரவரியில் ரோம் நகர மேடையில் நின்று அதே குழுவோடு அதே சிம்பொனிகளை நடத்தினார். இரண்டு பதிவுக்கும் இடையில் ஓராண்டு மட்டுமே. ஆயினும் பின்னாளில் தம் பீத்தோவன் தொகுதி மறுபடி வெளியானபோது, முதல் எட்டுச் சிம்பொனிகளுக்கும் பேர்லின் பதிவுகளை விலக்கி ரோம் பதிவுகளையே அவர் சேர்க்கச் செய்தார். காலத்தின் நீளத்தை எப்போதும் ஆண்டுக் கணக்கில் அளக்க முடிவதில்லை.

ஊர் மாறும்போது

இக்கட்டுரைக்காக நான் படித்தவற்றில் என் மனதை விட்டு அகலாதது புரூனோ வால்டரின் கதை.

குஸ்தாவ் மாலர் என்ற இசையமைப்பாளர் தமது ஒன்பதாம் சிம்பொனியை எழுதி முடித்தார். ஆனால் அதை ஒருநாளும் கேட்கவில்லை. 1911 இல் இறந்துவிட்டார். மறு ஆண்டு வியன்னாவில் அதை முதன்முதலாக மேடையேற்றியவர் அவருடைய சீடர் வால்டர். அதே வியன்னாவில் 1938 ஜனவரி 16 ஆம் திகதி வால்டர் அதை மறுபடியும் நடத்தியபோது அந்தக் கச்சேரி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. இரண்டு மாதங்கள்கூடக் கழியவில்லை. மார்ச் மாதத்தில் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வால்டர் யூதர், அப்போது வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார். அன்று மேடையில் வாசித்த யூதக் கலைஞர்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். வயலின் குழுவின் தலைவர் ஆர்னோல்ட் ரோசே, மாலரின் சகோதரியை மணந்தவர். எழுபத்தைந்து வயதில் லண்டனுக்கு ஓடி 1946 இல் அங்கேயே இறந்தார். வயலின் கலைஞரான அவருடைய மகள் அல்மா 1944 இல் ஒஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்.

வால்டர் அமெரிக்காவுக்குப் போய் கலிபோர்னியாவில் குடியேறினார். 1961 இன் தொடக்கத்தில், எண்பத்து நான்கு வயதில், அதே ஒன்பதாம் சிம்பொனியை அங்கு ஸ்டீரியோவில் மறுபடியும் பதிவு செய்தார். மறு ஆண்டு காலமானார்.

இரண்டு பதிவுகளையும் இன்று கேட்கலாம். 1938 இன் பதிவு ஏறக்குறைய எழுபது நிமிடங்கள். வேகம், பதற்றம், இடையிடையே சபையோரின் இருமல் கேட்கிறது. 1961 இன் பதிவு எண்பது நிமிடங்களைத் தாண்டுகிறது. தெளிவான ஒலி, அவசரமில்லாத நடை. முதற்பதிவில் வாசிப்பவர்களுக்கு அடுத்த மாதங்களில் வரப்போவது தெரியாது. இரண்டாவதை நடத்துபவருக்கு நடந்தது எல்லாம் தெரியும். சுரங்கள் ஒன்றே. ஊரிழந்தவர்களின் கதை நம் நாட்டுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் 1990 இல் வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். விட்டு வந்த ஊரில் சமைத்த அதே கறியை வந்த ஊரில் சமைப்பதைப் போன்றதுதான் இதுவும். பக்குவம் ஒன்றுதான், ஆனால் உண்ணும்போது ஒன்றுபோல இருப்பதில்லை.

இரண்டாவது எப்போதும் சிறந்ததா?

இல்லை. இதையும் சொல்லாவிட்டால் கட்டுரை ஒருபக்கச் சாய்வாகிவிடும்.

நம் அயலவரான சுபின் மேத்தாவை எடுத்துக்கொள்வோம். 1936 இல் பம்பாயில் பிறந்தவர். பம்பாய் சிம்பொனி ஓர்க்கெஸ்ட்ராவை நிறுவிய மெஹ்லி மேத்தாவின் மகன். பதினெட்டு வயதில் வியன்னாவுக்குப் படிக்கப் போனார். 1962 இல், இருபத்தாறு வயதில், லொஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மொனிக்கின் இசை இயக்குநரானார். அங்கே 1971 இல் ஹோல்ஸ்டின் "கோள்கள்" என்ற படைப்பைப் பதிவு செய்தார். 1978 இல் நியூயோர்க் ஃபில்ஹார்மொனிக்குக்கு மாறியவர், 1980களின் இறுதியில் அதே படைப்பை அக்குழுவோடு பதிவு செய்தார். கருவி புதியது, குழுவின் பெயரும் பெரியது, அவருக்கு அனுபவமும் கூடியிருந்தது. ஆனாலும் இன்றுவரை இரசிகர்கள் தேடிப்போவது பெரும்பாலும் அந்த முதற்பதிவைத்தான். இளமைக்கே உரிய துணிச்சலை அனுபவத்தால் ஈடுசெய்ய முடியாத இடங்களும் உண்டு.

அப்படியென்றால் "சரியான" பதிவு எது? இயற்றியவரையே கேட்கலாம் என்றால், அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கி தமது "வசந்தத்தின் சடங்கு" என்ற படைப்பைத் தாமே நடத்தி மூன்று முறை பதிவு செய்தார்: 1929, 1940, 1960. மூன்றும் ஒன்றுபோல இல்லை. எழுதியவரே ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வாசிக்கும்போது, இதுதான் இறுதி என்று எந்த ஒன்றையும் நாம் எப்படிச் சொல்வது?

நம் வீட்டிலும் ஊரிலும்

அல்குர்ஆன் ஓதலை இசையோடு வைத்து ஒப்பிடுவது என் நோக்கமன்று. அதன் நிலை வேறு. ஆனால் ஒரே குரல் ஒன்றையே பல தடவை பதிவு செய்வதற்கு நாம் நன்கறிந்த சான்று அங்குதான் இருக்கிறது. எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி (1917–1980) 1961 இல் முழுக் குர்ஆனையும் முரத்தல் முறையில் ஓதிப் பதிவு செய்தார். பின்னர் வேறு கிராஅத் வழிகளிலும், நீட்டி ஓதும் முஜவ்வத் முறையிலும், மாணவர்கள் கேட்டுத் திருப்பி ஓதுவதற்கான கற்பித்தல் முறையிலும் பதிவுகள் செய்தார். முன்னையது குறையானது என்பதற்காக அவர் மறுபடியும் ஓதவில்லை. கேட்பவரின் தேவை வேறு. அதற்கேற்பப் பதிவும் வேறு.

எதிர்மாறான உதாரணமும் நம் ஊரிலேயே உண்டு. மாத்தளை நகருக்கு வடக்கே அலுவிகாரையில், அதுவரை வாய்மொழியாக இருந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது. 1848 இன் மாத்தளைக் கிளர்ச்சிக் காலத்தில் அங்கிருந்த நூலகம் அழிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வேடுகளை மறுபடியும் ஓலையில் எழுதும் பணி நடந்தது. அங்கே மறுபடி எழுதுபவரின் கடமை, ஓர் எழுத்தும் மாறாமல் காப்பது. இசை நடத்துநரின் கடமை, எழுத்தை மாற்றாமல் உயிர்ப்பை மாற்றுவது. இரண்டுக்கும் "மறுபடியும்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

எப்படிக் கேட்பது?

ஆர்வமுள்ளவர்களுக்காக, நான் செய்து பார்த்த எளிய வழியொன்றைச் சொல்கிறேன். யூடியூபில் கிளென் கூல்டின் 1955, 1981 பதிவுகளின் தொடக்கப் பகுதியை மட்டும் தேடி எடுங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்தே நிமிடங்கள். டேட்டாவும் அதிகம் செலவாகாது. முதற்றடவை சும்மா கேளுங்கள். இரண்டாந்தடவை, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மூன்றாந்தடவை, கண்ணை மூடிக்கொண்டு, வாசிப்பவர் இளைஞரா நடுவயதினரா என்று தெரியாதவர்போலக் கேட்டு, மனதில் பட்டதை இரண்டு வரியில் எழுதுங்கள். மற்றவர்கள் சொன்னதை அதற்குப் பிறகு படியுங்கள்.

அடுத்ததாக, பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் அரை நிமிடத்தை நான்கைந்து நடத்துநர்களிடம் கேட்கலாம். மூன்று குறுஞ்சுரங்களும் ஒரு நெடுஞ்சுரமுமாக அது தொடங்குகிறது. அந்த நெடுஞ்சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்று பிரதி சொல்வதில்லை. ஒருவர் அதைக் கதவில் தட்டுவதுபோல வெட்டி முடிப்பார். இன்னொருவர் தட்டிவிட்டுக் கதவு திறக்கும்வரை காத்திருப்பார். கராயனின் நான்கு பதிவுகளையும் வரிசையாகக் கேட்டால், ஒரே மனிதர் நான்கு வயதில் அதே கதவைத் தட்டுவதைக் கேட்கலாம்.

பரீட்சையில் இரண்டாம் தடவை கிடைக்கும் பெறுபேறு முதலாவதை மறக்கடித்துவிடும். கலையில் அப்படியில்லை, முதலாவது அழிவதில்லை. இருபத்திரண்டு வயதுக் கூல்டும் நாற்பத்தெட்டு வயதுக் கூல்டும் ஒரே அலுமாரியில் பக்கத்துப் பக்கமாக இருக்கிறார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. கேட்கும் நமக்கு மட்டுமே இருவரையும் தெரியும்.

ஆகவே இந்தச் சஞ்சிகைக்கு எழுதும் தோழியரிடம் ஒரு வேண்டுகோள். தரம் எட்டில் எழுதிய கவிதையை உயர்தர வகுப்புக்கு வந்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதே பொருளில் இன்னொரு முறை எழுதுங்கள். இரண்டிலும் திகதியைக் குறித்து, ஒரே கொப்பியில் ஒட்டி வையுங்கள்.